வெள்ளத்திற்கு முன்னரே மீட்புப் படகைப் பழக்குவோம்

காஞ்சிபுரத்தார்க்குப் படகு என்றதும் கோயில் குளத்தில் நடைபெறும் தெப்பத் திருவிழாவே நினைவிற்கு வரும். நெல்லும் பட்டும் விளையும் இவ்வட்டாரத்தில் இயந்திரப் படகிற்கு என்ன வேலை என்று முன்னர் பலர் எண்ணியதுண்டு. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரையிலுள்ள வரதராஜபுரம் முதலிய ஊர்கள் நீரில் மூழ்கியபோது அவ்வெண்ணம் மாறிற்று. கடற்கரையிலிருந்து மீனவப் பெருமக்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றி வந்து மாடிகளில் நின்றோரை மீட்டதை எவரும் மறவார். ஆயினும் அவர்கள் வந்து சேரும்வரை காத்திருக்க இயலாத ஊர்கள் பல உள.

ஆகவே, மீட்புப் படகு வாங்கியுள்ள ஊராட்சிகளுக்கும், வாங்க எண்ணியுள்ள ஊராட்சிகளுக்கும் ஒன்று கூற விரும்புகிறோம். படகை வாங்கிக் கிடங்கில் வைப்பதனால் ஊர் காப்பாற்றப்பட்டதாகாது. புரட்டாசி மாதத்திலேயே, மழை வலுக்குமுன், அதனை ஏரியில் இறக்கி ஓட்டிப் பழக்க வேண்டும்.

இதனை நாம் சொந்த அனுபவத்தில் கற்றோம். நாம் முன்பு பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் புதுப் படகு எட்டு மாதம் உறை பிரிக்கப்படாமலே கிடந்தது. வெள்ளம் வந்த இரவில் இழுகயிற்றை இழுத்து இழுத்துக் கை சலித்ததேயன்றி இயந்திரம் கிளம்பவில்லை. எரிபொருள் தொட்டி மூடியிலுள்ள காற்றுத் திருகைத் திறக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அது விளங்குவதற்குள் படகினுள் கணுக்கால் அளவு நீர் ஏறிவிட்டது. வடிகால் துளைக்குரிய தக்கை, கையேட்டுடன் ஒரு பையில் பத்திரமாக இருந்தது! மாடியில் நின்ற முதியவர் ஒருவரையும் அவர் மனைவியையும் கரை சேர்க்க மூன்று மணி நேரம் தாமதமாயிற்று. தவறு முழுவதும் நம்முடையதே.

முதலில் ஏரியைத் தேர்ந்துகொள்க. 100 ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை. பெரிய ஏரிகளுக்கு நீர்வளத் துறையின் அனுமதி பெற வேண்டும். மீன் குத்தகை எடுத்தவர்க்கும் முன்கூட்டித் தெரிவித்தல் முறை. அவர் வலை விசிறியில் சுற்றிக்கொண்டால் இருவர்க்கும் நட்டமாகும். இடுப்பளவுக்குக் குறைந்த நீரில் ஓட்டினால் சேறு இயந்திரத்தினுள் ஏறும். ஆகாயத்தாமரை மண்டிய இடமும், மதகு, கலங்கல் ஆகியவற்றின் அண்மையும் ஆகா.

படகிற்குப் பூசை போடுவது நம் வழக்கம், அதில் குற்றமில்லை. ஆனால் பூசை முடிந்ததும் புகைப்படத்திற்காகக் கரையிலேயே இயந்திரத்தை ஓட்டி முழக்கிக் காட்டுவது பெருங்கேடு. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரை உள்ளிழுப்பது ஒரு சிறு ரப்பர்ச் சக்கரம். நீரின்றிச் சுழன்றால் அது சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். நீரில் இறக்கிக் கிளப்பியவுடன், பின்புறச் சிறு துளை வழியே நீர் பீறிடுகிறதா என்று பார்க்க வேண்டும். பீறிடாவிடில் உடனே நிறுத்துக.

இனி, பழக்குதல் என்பது யாது? புதுக் காளையை முதல் நாளே பாரவண்டியில் பூட்டி மேட்டில் ஏற்றுவார் உண்டோ? இயந்திரமும் அத்தகையதே. புது உருளையின் உட்சுவரிலும் பிஸ்டன் வளையங்களிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுபள்ளங்கள் உள்ளன. அவை அளவான பாரத்தில் ஒன்றோடொன்று உராய்ந்து படிய வேண்டும். தொடக்கத்திலேயே முழு வேகம் கொடுத்தால் சூடு மிகுந்து இறுகிப்போகலாம். எனவே அவுட்போர்டு இயந்திரங்களுக்கு முதல் 10 மணி நேர ஓட்டம் பழக்கு காலமாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. முதல் ஒரு மணி நேரம் பாதி விசைக்கு மேற்படாமலும், இரண்டாம் மணி நேரம் முக்கால் விசை வரையிலும் ஓட்டுக. எஞ்சிய எட்டு மணி நேரத்தில் முழு விசையை இடையிடையே கொடுக்கலாம். ஆயினும் தொடர்ந்து ஐந்து நிமிடத்திற்கு மேல் கூடாது. பாரமின்றி நெடுநேரம் மெதுவாக ஓடவிடுவதும் தவறே, வளையங்கள் படியமாட்டா. வேகத்தை அடிக்கடி மாற்றுவதே நன்று.

இரண்டு வீச்சு இயந்திரமாயின், பழக்கு காலத்தில் 25 லிட்டர் பெட்ரோலுக்கு 1 லிட்டர் எண்ணெயும், பின்னர் 50 லிட்டருக்கு 1 லிட்டரும் கலப்பது பல கையேடுகள் கூறும் அளவு. தங்கள் கையேடு வேறு கூறினால் அதுவே பிரமாணம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. சென்ற ஆண்டு மிஞ்சியதை இவ்வாண்டு ஊற்றுவது சிக்கனமாகாது. ஒவ்வொரு நாளும் ஓட்டம் முடிகையில் எரிபொருள் குழாயைக் கழற்றி, இயந்திரம் தானாக நிற்கும்வரை நீரிலேயே ஓடவிட்டால், கார்புரேட்டரில் பிசின் தங்காது. பழக்கு காலம் முடிந்ததும் பல்சக்கரப் பெட்டியின் எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால் நீர் கசிந்துள்ளது என்று பொருள். வெள்ளத்திற்கு முன்பே பழுது பார்த்துவிடலாம்.

இயந்திரத்தைவிட ஆளைப் பழக்குவதே கடினம். கைப்பிடியை வலப்புறம் தள்ளினால் படகு இடப்புறம் திரும்பும். மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிய இளைஞர் முதல் நாள் நேரே நாணற்புதரில் போய் நுழைவர். கோவளம் போன்ற கடற்கரை ஊரிலிருந்து அனுபவம் மிக்க மீனவர் ஒருவரை இரண்டு நாள் வரவழைத்துக் கற்பிக்கச் செய்தால் பயனுண்டு. ஓட்டுபவர் தவறி விழுந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டாமல் ஒருவரும் ஓட்டலாகாது. மிதவைச் சட்டையும் அவ்வாறே. பாரம் ஏற்றிப் பார்க்க மணல் மூட்டைகள் போதும். ஊர்ப் பிள்ளைகள் நாங்களும் வருகிறோம் என்று சூழ்ந்துகொள்வர், அன்று இடங்கொடுக்க வேண்டாம். தெருக்களில் சுற்றுச்சுவர்கள் நீருக்கடியில் மறைந்திருக்குமாதலால், அங்கே விசிறியைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளிச் செல்லவும் பயிற்சி வேண்டும்.

ஊருக்கு நால்வராவது ஓட்டத் தெரிந்திருத்தல் நலம்; வெள்ள நாளில் அவர்களுள் இருவர் வீடே நீரில் இருக்கக்கூடும். அந்நால்வர் பெயரையும், இயந்திரம் ஓடிய மணிக்கணக்கையும், எண்ணெய் மாற்றிய தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி ஊராட்சி அலுவலகத்தில் வைத்திடுக. தக்கையை மட்டும் ஒரு கயிற்றில் கோத்துப் படகிலேயே கட்டிவிடுக.