படி ஏற ஏற மாறும் கணக்கு

யார் காசு, யாருக்கு? – 7

சென்ற வாரம் ரேஷன் அரிசியைப் பார்த்தோம். அரிசியைக் கையில் வாங்குகிறோம். அரசு கொடுப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளைக்காகச் செலவாகும் பணத்தை யாரும் தன் வீட்டு வரவில் எழுதுவதில்லை. ஆனால் ஏழை வீட்டுக்கு அரசிடமிருந்து வந்து சேரும் பெரிய தொகைகளில் அதுவும் ஒன்று.

ஆசிரியர் சம்பளம், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் ஆகிறது என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 சம்பாதிக்கும் குடும்பத்துக்கு அது ஆண்டு வருமானத்தில் கால் பங்கு. மாதம் ஒரு லட்சம் சம்பாதிப்பவருக்கு இரண்டரை சதவீதம்தான். அவரும் பெரும்பாலும் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, வரியை மட்டும் கட்டுகிறார். ஏழைப் பிள்ளைக்கு அரசு செய்யும் இந்தச் செலவைத் தர்மம் என்று பேசுபவர்கள் உண்டு. ஆனால் சோப்பு வாங்கினாலும் செல்போனுக்கு ரீசார்ஜ் செய்தாலும் கூலித் தொழிலாளியும் ஜிஎஸ்டி கட்டுகிறார். தன் பிள்ளை படிப்பில் அவர் காசும் இருக்கிறது.

கட்டணம் இல்லை என்பதால் மட்டும் பள்ளி செலவில்லாததாகிவிடாது. ஆடு மேய்க்கவும் தீப்பெட்டி ஒட்டவும் போன பிள்ளை வகுப்புக்கு வந்தால், வீட்டில் ஒரு கூலி குறையும். காமராஜர் ஆட்சியில் 1956-ல் தொடங்கிய மதிய உணவு அந்த இழப்பில் கொஞ்சத்தை ஈடுகட்டியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் சேர்ந்தது. நம் மாநிலத்தின் கல்விச் செலவில் மிகச் சரியான இடத்துக்குப் போன காசு இந்தச் சோற்றுக்கான காசுதான் என்பேன். வசதியுள்ளவர் பிள்ளை அந்த வரிசையில் நிற்பதில்லை. வருமானச் சான்றிதழ் கேட்காமலேயே அது வேண்டியவருக்குப் போய்ச் சேர்ந்தது.

மேல்படிப்புக்குப் போனால் கணக்கு தலைகீழாகலாம். அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவருக்கு ஆகும் செலவு, பள்ளிப் பிள்ளைக்கு ஆவதைவிடப் பல மடங்கு. மாணவர் கட்டுவதோ ஆண்டுக்குச் சில ஆயிரங்கள். நீட் வந்த பிறகு அந்த இடங்கள், கோச்சிங்குக்குப் பணம் கட்டி, தேவைப்பட்டால் இன்னும் ஓராண்டு வீட்டிலிருந்து படிக்க முடிந்தவர்களுக்கே பெரும்பாலும் போயின. அரசுப் பள்ளியிலிருந்து போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கூலித் தொழிலாளி கட்டிய வரியும் சேர்ந்துதான் வசதியான வீட்டுப் பிள்ளையை டாக்டராக்கியது. கலிபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி 1969-ல் ஹேன்சன், வைஸ்பிராட் என்ற பொருளாதார அறிஞர்கள், யார் காசு யாருக்குப் போகிறது என்ற இதே கேள்வியைத்தான் எழுப்பினார்கள்.

இங்கே 2020-ல் ஒரு திருத்தம் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 10 சதவீதம் ஒதுக்கலாம் என்று நீதிபதி கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது; சட்டமானபோது அது 7.5 ஆனது. கட்டணத்தையும் அரசே ஏற்றது. முதல் ஆண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் உள்ளே போனார்கள். 2021-ல் பொறியியல், வேளாண்மைப் படிப்புகளுக்கும் இது நீண்டது. அந்தப் பத்தை முழுதாகவே கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குடும்பங்கள் பள்ளிக்காலம் முழுக்க அரசை நம்பியிருந்தவை. செலவு மிக அதிகமாகிற படியில் அவர்களை வெளியே நிறுத்த எந்த நியாயமும் இல்லை.

ஐஐடி இடங்களின் கணக்கை அடுத்த வாரம் பார்ப்போம்.