குதிரை கோணலா, நான் கோணலா?

"இந்தக் குதிரை சரியில்லை மாஸ்டர்!"

சொன்னது நான்தான். குதிரையேறக் கற்றுக்கொள்ள ஆரம்பித்து முழுசாக மூன்று ஞாயிற்றுக்கிழமைகூட ஆகாத நான்!

வாரம் பூராவும் ஆபீஸ் நாற்காலியில் தேய்கிற எனக்கு, முப்பது வயசுக்கு மேல் வந்த ஆசை இது. சென்னையில் ஒரு பயிற்சி மைதானத்தில் சேர்ந்தேன். என் பங்குக்கு வந்தவள் ராணி. பெயருக்கேற்ற மகாராணி! நேராகப் போகச் சொன்னால் இடது பக்கம் ஒதுங்குவாள். கடிவாள வாரை வலது பக்கம் இழுத்தால், தலையைத் தூக்கிக்கொண்டு இன்னும் இடது!

என் புகார் மைதானத்துக்காரர் காதுக்குப் போயிற்று. "ஆளுங்க பயப்படற குதிரைக்கு எதுக்குத் தீனி? வித்துடலாம்" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மாஸ்டர் பேசவில்லை. ராணுவத்தில் குதிரைகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். அடுத்த வாரம் என்னை வேறு குதிரையில் ஏற்றினார். அங்கேயே பரம சாது அதுதான். பத்தே நிமிஷம்... அதுவும் இடது பக்கம் ஒதுங்கியது!

"இதுவும் சரியில்லையா தம்பி?"

நான் கப்சிப்.

"திருவிழாவுல குழந்தையைத் தோள்ல தூக்கிட்டுப் போறீங்க. அது பலூனைப் பார்த்து இடது பக்கம் சாயுது. நீங்க என்ன செய்வீங்க? விழாம இருக்க இடது பக்கம் ஒரு அடி வைப்பீங்க. குதிரையும் அதைத்தான் செய்யுது. அது அடங்காமை இல்ல தம்பி, உங்களைத் தாங்கற அக்கறை. கொஞ்சம் கீழே பாருங்க."

பார்த்தேன். என் இடது கால் வலது காலைவிட இரண்டு அங்குலம் கீழே தொங்கியது. வலது கை மௌஸில், இடது முழங்கை நாற்காலிக் கையில் என்று தினம் எட்டு மணி நேரம் சாய்ந்து உட்காரும் உத்தியோகம். உடம்பு அப்படியே இறுகிவிட்டது!

அன்றே கடிவாள வாரைப் பிடுங்கிக்கொண்டார். கால் வைக்கும் அங்கவடியையும் கழற்றிவிட்டார். நீளக் கயிற்றின் ஒரு முனை அவர் கையில், மறுமுனையில் குதிரை. நான் மேலே, வட்டம் வட்டமாக. 450 வருஷத்துக்கு மேல் பழமையான வியன்னாவின் 'ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூ'லில்கூட புதிதாகச் சேர்பவர்களுக்கு இதே வைத்தியம்தானாம். கையில் பிடிப்பு இல்லாவிட்டால்தான் இடுப்பு சமநிலை கற்குமாம்.

"மூச்சை விடுங்க. குதிரையோட காதுகளுக்கு நடுவால தூரத்தைப் பாருங்க. தொடையால இறுக்காதீங்க!"

நடக்கும்போது நாலு தாளம். 'டிராட்' என்கிற துள்ளோட்டத்தில் முன்னங்கால் ஒன்றும் எதிர்ப்பக்கப் பின்னங்கால் ஒன்றும் ஜோடியாக விழுவதால் இரண்டு தாளம். நான் மட்டும் எந்தத் தாளத்திலும் சேராமல் மூட்டையாகக் குதித்தேன்!

சும்மா நிற்கும் குதிரையே தன் எடையில் கிட்டத்தட்ட 60 சதவிகிதத்தை முன்னங்கால்களில்தான் தாங்குகிறதாம். முதுகில் நாமும் ஏறினால் பாரம் இன்னும் முன்னால் சாயும். பின்னங்கால்களை வயிற்றுக்கடியில் கொண்டுவந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளப் பழக்குவதுதான் பயிற்சி. அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். மேலே இருப்பவன் ஆடினால் அத்தனையும் பாழ்!

ஒரு காலத்தில் குதிரை தடையைத் தாண்டும்போது மேலே இருப்பவர் பின்னால் சாய்ந்து வாரை இழுத்துப் பிடிப்பதுதான் வழக்கம். 1907-ல் இறந்த ஃபெடரிகோ கப்ரில்லி என்ற இத்தாலிய ராணுவ அதிகாரிதான், "குதிரை போகிற பக்கமே நாமும் போவோம்" என்ற தினுசில் முன்னால் சாயும் முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகு உலகமே முன்னால் சாய்ந்தது. மாற வேண்டியது குதிரை அல்ல, மனுஷன் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது.

ஆறு வாரம் கழித்து மறுபடி ராணி. கை நடுங்கியது. மூச்சை விட்டேன். தூரத்து வேப்பமரத்தைப் பார்த்தேன்.

கோடு போட்ட மாதிரி நேராக நடந்தாள்!

வேலியோரம் நின்ற மைதானத்துக்காரர், "அட, குதிரையைத் திருத்திட்டீங்களே மாஸ்டர்!" என்றார்.

"ஆமாம் சார்" என்றார் மாஸ்டர், என்னைப் பார்த்துக்கொண்டே.

ராணி இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் அவளுக்கு கேரட் வாங்கிப் போகிறேன். நஷ்டஈடு!