பாய்காட்: ஒரு மனிதரின் பெயர்!

"அந்தக் கடையைப் பாய்காட் செய்யுங்கள்!"

"கூட்டத்தைப் பாய்காட் செய்துவிட்டார்கள்!"

இப்படிப் பலர் பேசக் கேட்கலாம். பகிஷ்காரம், புறக்கணிப்பு என்பது இதன் பொருள். ஆனால், 'பாய்காட்' என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

யார் அந்த மனிதர்?

அவர் பெயர் கேப்டன் சார்லஸ் பாய்காட். 1832-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். பட்டாளத்தில் இருந்துவிட்டு அயர்லாந்தில் குடியேறினார். அங்கே மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபு என்ற நிலச்சுவான்தாருக்குக் காரியஸ்தர் ஆனார். குடியானவர்களிடம் குத்தகை வசூலிப்பது அவர் வேலை.

11 குடும்பங்கள்

1879-ல் அயர்லாந்தில் விளைச்சல் கெட்டது. குடியானவர்கள் வயிற்றுக்கே திண்டாடினார்கள். மறு ஆண்டு, "குத்தகையில் நூற்றுக்கு 25 குறையுங்கள்" என்று கேட்டார்கள். பிரபுவோ, "10தான் குறைப்பேன்" என்றார்.

1880 செப்டம்பரில், 11 குடும்பங்களை நிலத்தைவிட்டு வெளியேற்ற நோட்டீசு புறப்பட்டது. நிலம் போனால் வீடும் போகும். பிள்ளை குட்டிகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

நோட்டீசு கொண்டு வந்தவரைப் பெண்கள் விடவில்லை. சேற்றையும் சாணத்தையும் வீசி விரட்டினார்கள்!

பார்னெல் காட்டிய வழி

இதற்கு மூன்று நாள் முன்புதான், அயர்லாந்துத் தலைவர் பார்னெல் எனிஸ் என்ற ஊரில் பேசினார். பிறரை வெளியேற்றிய நிலத்தை எடுத்துக்கொள்பவனை என்ன செய்வது என்று கூட்டத்தைக் கேட்டார். "சுட்டுத் தள்ள வேண்டும்!" என்று கூச்சல் எழுந்தது.

பார்னெல் வேறு வழி சொன்னார். அடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம். தெருவிலும் கடையிலும் சந்தையிலும் அவனோடு பேசாமல் ஒதுக்கி வையுங்கள் என்றார்.

அந்த வழியை மேயோ மக்கள் காரியஸ்தர் மீதே திருப்பினார்கள். பாய்காட்டின் வேலையாட்கள் நின்றுவிட்டனர். கொல்லர் வரவில்லை. சலவைக்காரி வரவில்லை. கடைக்காரர்கள் சாமான் கொடுக்கவில்லை.

வயலில் பயிர் முற்றி நின்றது. அறுக்க ஆள் இல்லை!

பத்தாயிரம் பவுன் செலவு

நவம்பரில், வடக்கே அல்ஸ்டர் பகுதியிலிருந்து 50 பேர் அறுவடைக்கு வந்தார்கள். அவர்களுக்குக் காவலாக ஏறத்தாழ ஆயிரம் சிப்பாய்கள்! சுமார் 500 பவுன் பெறுமான பயிரைக் காப்பாற்ற 10,000 பவுன் செலவானது என்று கணக்கிட்டார்கள்.

நவம்பர் 27-ல் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் புறப்பட்டார். அப்போதும் வண்டி ஓட்ட ஆள் வரவில்லை. பட்டாளத்து வண்டியில்தான் போனார்.

அடுத்த ஆண்டு, 1881-ல், புதிய நிலச் சட்டம் வந்தது. நியாயமான குத்தகையை நிர்ணயிக்க நீதிமன்றம் ஏற்பட்டது.

சொல் பிறந்த கதை

இந்தப் போராட்டத்துக்கு என்ன பெயர் வைப்பது? அமெரிக்கப் பத்திரிகையாளர் ரெட்பாத், ஓமாலி என்ற பாதிரியாரிடம் இதைக் கேட்டார். ஆங்கிலத்தில் இதற்கு முன்பே ஒரு சொல் உண்டு. ஆனால், அது படித்தவர்களின் சொல், குடியானவர்களுக்குப் புரியாது. பாதிரியார் நெற்றியைத் தட்டி யோசித்தார். 'பாய்காட் செய்வது' என்று சொன்னால் என்ன என்றார். இது ரெட்பாத் சொன்ன வரலாறு.

சில வாரங்களில் அச்சொல் லண்டன் பத்திரிகைகளில் ஏறியது. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்ய மொழிகளிலும் புகுந்தது. 1905-ல் வங்காளத்தில் அந்நியத் துணியை மக்கள் ஒதுக்கியபோதும் இதே சொல் முழங்கியது.

எது பாய்காட்?

ஒருவர் மட்டும் ஒரு கடைக்குப் போகாவிட்டால் அது பாய்காட் ஆகாது. ஒரு குறையைச் சொல்லி, பலர் சேர்ந்து விலகி நிற்பதே பாய்காட். தொழிலாளர் வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம். கொடுக்கல் வாங்கலையும் உறவையும் நிறுத்துவது பாய்காட்.

1897-ல் பாய்காட் காலமானார். ஆங்கிலத்தில் மனிதரின் பெயரைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். இன்று 'பாய்காட்' என்ற சொல்லைச் சிறிய எழுத்தில்தான் எழுதுகிறார்கள். பெயர், பெயராக இல்லாமல் சொல்லாகிவிட்டது.

படித்தவர்களின் சொல்லை ஒதுக்கிவிட்டு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று பிறந்த சொல் அது. அதனால்தான் உலகம் முழுவதும் புரிந்துவிட்டது!