ஏறி இறங்கும் இன்ஜின்

என் மாமாவிடம் ஒரு மோரிஸ் மைனர் 1000 கார் இருக்கிறது. தாத்தா வாங்கியது. சென்ற ஆண்டு மாமா அதை விற்க முடிவெடுத்து, விலையும் பேசிவிட்டார். தாப்பாவிலிருந்து பீடோர் போகும் பழைய சாலையில் ஒரு லோரியை முந்தும்போது கார் பாதியில் சுணங்கிவிட்டது. எதிரே பேருந்து. மயிரிழையில் தப்பினார்.

சில வாரங்களாகவே அந்தக் காருக்கு இந்த வியாதி. ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் மிதித்திருந்தாலும் வேகம் தானாகக் குறையும். சில விநாடிகளில், யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் கூடும். மறுபடியும் குறையும். ஒரு பட்டறையில் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தார்கள். பணம் போனது, கோளாறு போகவில்லை.

"நீதானே பிள்ளைங்களுக்கு அறிவியல் சொல்லிக் கொடுக்குற? எங்க, கண்டுபிடி பாப்போம்" என்றார் மாமா.

மாணவர்களே, இன்ஜினுக்கு வேண்டியவை மூன்று: காற்று, பெட்ரோல், தீப்பொறி. இவற்றில் தீப்பொறி விட்டு விட்டு வந்தால் கார் வெடுக் வெடுக்கென்று உதறும். அலைபோல மெதுவாக ஏறி இறங்கினால், பெரும்பாலும் காற்றும் பெட்ரோலும் சேரும் விகிதத்தில்தான் கோளாறு. பிளக்கை மாற்றுவதற்கு முன் இதை யோசித்திருக்கலாம்.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். கொள்ளளவில் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று! (பெட்ரோலின் அடர்த்தியை லிட்டருக்கு 740 கிராம், காற்றினுடையதை 1.2 கிராம் என்று வைத்து நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.) இன்றைய கார்களில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணர்கருவியும் கணினியும் இந்த விகிதத்தைக் கவனித்துக்கொள்கின்றன. 1948இல் அறிமுகமான மோரிஸ் மைனரில் கணினி ஏது? அந்த வேலையைச் செய்வது எஸ்.யூ. கார்புரேட்டர் என்ற கையளவு உலோகக் கருவி.

அதற்குள் ஒரு சிறு பிஸ்டன் மேலும் கீழும் நகரும். இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும்போது பிஸ்டனுக்கு மேலே அழுத்தம் குறைந்து, அது உயரும். அதன் அடியில் கூராகச் செதுக்கிய ஊசி ஒன்று உண்டு. பிஸ்டன் உயர உயர, ஊசியின் மெல்லிய பகுதி பெட்ரோல் துளைக்குள் வருவதால் இடைவெளி பெரிதாகி, பெட்ரோலும் கூடுதலாக வரும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடும். எவ்வளவு எளிய ஏற்பாடு பாருங்கள்! பிஸ்டன் துள்ளாமல் இருக்க, அதன் தண்டுக்குள் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். அந்த எண்ணெய் வற்றிப்போனாலும் இன்ஜின் தடுமாறும்.

சரி, பெட்ரோல் குறைந்தால் இன்ஜின் நின்றுவிட வேண்டியதுதானே? ஏன் ஏறி இறங்குகிறது? கார்புரேட்டரின் பக்கத்தில் மிதவை அறை என்ற சிறு கிண்ணம் இருக்கிறது. பம்ப் அனுப்பும் பெட்ரோல் அதில்தான் சேரும். வரவைவிடச் செலவு அதிகமானால் கிண்ணத்தில் மட்டம் இறங்கும். கலவையில் பெட்ரோல் குறைந்து இன்ஜின் வலுவிழக்கும். வலுவிழந்த இன்ஜின் குறைவாகத்தானே குடிக்கும்? அதற்குள் கிண்ணம் மீண்டும் நிரம்பிவிடும். இன்ஜின் பாயும், மட்டம் மறுபடி இறங்கும். குளியலறையில் சுடுநீர்க் குழாயைத் திருப்புகிறீர்கள், தண்ணீர் சூடாகச் சற்று நேரமாகிறது. பொறுமையில்லாமல் மேலும் திருப்பினால் கொதிக்கிறது. பதறிக் குறைத்தால் சில்லென்று ஆகிவிடுகிறது. திருத்தம் தாமதமாக வந்து சேரும் இடத்திலெல்லாம் இந்த ஊசலாட்டம் வரலாம்.

பெட்ரோல் குறைவாகச் சேர்கிறதா என்பதைச் சோதிக்க வழிகள் உண்டு. சோக்கைச் சற்று இழுத்தால் கலவையில் பெட்ரோல் கூடும். அப்போது தடுமாற்றம் நின்றால் சந்தேகம் உறுதி. எனக்குப் பிடித்தது இன்னொன்று. இன்ஜின் மெதுவாக ஓடும்போது கார்புரேட்டர் பிஸ்டனை 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்த வேண்டும். இதனால் ஒரு கணம் காற்று அதிகமாகும். சத்தம் இலேசாகக் கூடி அடங்கினால் கலவை சரி. கூடியபடியே இருந்தால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணைந்தால் பெட்ரோல் போதவில்லை. ஒரு கருவியும் வாங்காமல் காதாலேயே செய்யும் பரிசோதனை இது. (பெரியவர் துணையோடு, திறந்த வெளியில் மட்டுமே செய்ய வேண்டும். மூடிய கொட்டகையில் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்.)

மாமாவின் காரை வீட்டு வாசலில் வைத்து இப்படிச் சோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது! கார்புரேட்டர் இணைப்பில் காற்று கசிந்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பிறகுதான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "மாமா, எப்போது இப்படி ஆகிறது?"

"கிளம்பி இருபது நிமிஷம் கழிச்சுதான். நிறுத்தி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தா சரியாயிடும்."

இருவரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். தடுமாற்றம் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பினோம். மைனரில் மின்சார பம்ப் இருப்பதால், கிண்ணம் நிரம்பும்வரை டிக் டிக்கென்று சத்தம் கேட்கும். அன்று அது ஒருமுறை டிக், நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு டிக் என்று இழுத்தது. பெட்ரோலை இழுக்க முடியாமல் திணறுகிறது. நான் பின்னால் போய் டாங்கி மூடியைத் திறந்தேன். 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தது. முன்னால் பம்ப் டிக்டிக்டிக்கென்று வேகமாக அடித்து, கிண்ணம் நிரம்பியதும் ஓய்ந்தது.

பழைய கார்கள் பலவற்றில் டாங்கி மூடியிலேயே ஒரு சிறு காற்றுத் துளை இருக்கும். பெட்ரோல் வெளியேற வெளியேற அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டுமல்லவா? பால் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் பால் சரியாக ஊற்றாது என்பது உங்களுக்குத் தெரியும். மாமாவின் பழைய மூடி தொலைந்துபோய், கிடைத்த வேறொரு மூடியைப் போட்டிருந்தார். அதில் துளையே இல்லை. இருபது நிமிடம் ஓடியதும் டாங்கிக்குள் அழுத்தம் குறைந்து, பம்ப் தோற்றுவிடும். தேநீர் குடிக்கும் நேரத்தில் மூடியின் ஓரத்து இடுக்கு வழியே காற்று மெல்லப் புகுந்து சரியாகிவிடும்.

துளையுள்ள மூடி ஒன்றைத் தேடி வாங்கிப் போட்டோம். விலை பேசியவருக்கு மாமா அன்றிரவே போன் செய்து, கார் விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டார். தைப்பூசத்துக்கு அதே காரில்தான் ஈப்போ போய் வந்தோம்.