சிலர் விரும்பும் ஆட்டமும் அச்சிலரின் கடமையும்



சதுரங்கம் என்னும் சொல்லுக்கு நான்கு உறுப்புகளை உடையது என்பது பொருள். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படையையே அச்சொல் குறித்தது. எமது பாடசாலையின் இடைவேளையில் பிள்ளைகள் சதுரங்கப் பலகையை விரிக்கும்போது எந்தப் பெற்றோரும் முகஞ் சுளிப்பதில்லை. அது அறிவை வளர்க்கும் ஆட்டம் என்றே மகிழ்கின்றோம். எனினும் அதுவும் ஒரு போர் ஆட்டமே என்பதை நாம் மறந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்தபின் என் மாணவன் ஒருவன் மேசைமீது பெரிய நிலப்படம் ஒன்றை விரித்தான். படம் முழுவதும் அறுகோணக் கட்டங்கள். அவற்றின்மேல் நூற்றுக்கு மேற்பட்ட சிறு மட்டைத் துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரு படைப்பிரிவு. அவனை அழைத்துச் செல்ல வந்த தந்தையார் அதனைக் கண்டு என்னிடம் கேட்டார்: “மாஸ்ரர், போரிலிருந்து தப்பி வந்த நாங்கள் பிள்ளைகள் கையில் போரை விளையாட்டாகக் கொடுக்கலாமா?”

வன்னியில் பதுங்குகுழியின் ஓரத்தில் நின்று கணிதம் கற்பித்தவன் நான். அக்கேள்விக்கு உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அந்த ஆட்டத்தின் விதிநூலை இரவல் வாங்கிச் சென்று இரண்டு வாரங்கள் படித்தேன். அதன் வழியே அறிந்துகொண்ட செய்திகளையும், அவற்றால் எழுந்த சிந்தனையையும் ஈண்டு எழுத விழைகின்றேன்.

போர் ஆட்டம் என்பது யாது?

1824 ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டின் ரைஸ்விற்ஸ் என்னும் இளம் அதிகாரி, படைத் தலைவர்களைப் பயிற்றுவதற்காக நிலப்படமும் பகடையும் கொண்ட ஓர் ஆட்டத்தின் விதிகளை அச்சிட்டார். பொதுமக்களுக்கான இக்கால ஆட்டம் அமெரிக்காவில் தோன்றியது. 1954 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் ரொபேர்ட்ஸ் என்பவர் தாம் உருவாக்கிய ஆட்டத்தைத் தம் சொந்த முயற்சியாலேயே வெளியிட்டு, அஞ்சல் வழியாக விற்கத் தொடங்கினார். இத்துறையின் முன்னோடியான அவலோன் ஹில் நிறுவனம் அதிலிருந்தே வளர்ந்தது.

இவ்வாட்டங்களை விரும்புவோர் எக்காலத்திலும் சிலரே. விதிநூல் பல பக்கங்கள் நீளும். ஓர் ஆட்டம் முடிய ஒரு முழுநாளும் ஆகலாம். ஆதலின் பெரிய பொம்மை நிறுவனங்கள் இவற்றை நாடுவதில்லை. இவற்றை ஆக்குவோர் பெரும்பாலும் ஓரிருவர் நடத்தும் சிறு நிறுவனத்தினர். பகலில் வேறு தொழில் செய்து, இரவில் வரலாற்று நூல்களைப் படித்து, வரைபடம் வரைபவர்களும் அவர்களுள் உளர்.

அவர்களைக் காண நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சவுத் லண்டன் வோர்லோட்ஸ் என்னும் ஆர்வலர் கழகம் சலூட் என்ற பெயரில் ஆண்டுதோறும் நடத்தும் கண்காட்சி, பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில், எக்செல் மண்டபத்தில் இடம்பெறுகின்றது. அம்மண்டபம் மனோர் பார்க் அமைந்துள்ள அதே நியூஹாம் நகரப் பிரிவிலேயே உள்ளது. எலிசபெத் தொடருந்தில் ஏறி, வைற்சப்பலில் மாறி, கஸ்ரம் ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் மண்டபத்தின் வாயில். தாம் வார்த்த சிறு உருவங்களையும் தாம் எழுதிய விதிநூல்களையும் மேசைகளிற் பரப்பி, ஆக்கியோரே நின்று விற்பதை அங்கு காணலாம்.

கணக்கு ஒன்று

சிறு ஆக்குநரின் இடர் யாது என்பதை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்கலாம். படம் வரைதல், அச்சுக்கு ஆயத்தம் செய்தல், மட்டைகளை வெட்டும் அச்சு வார்ப்பு ஆகியவற்றுக்கு 4000 பவுண் செலவு என வைப்போம். எத்தனை பிரதிகள் அச்சிட்டாலும் இச்செலவு மாறாது. இதற்கு மேலாக ஒவ்வொரு பிரதிக்கும் தாள், பெட்டி, கூலி என 8 பவுண் வேண்டும். 200 பிரதிகள் அச்சிட்டால் பிரதியொன்றின் அடக்கவிலை 28 பவுண். 500 ஆயின் 16 பவுண். 2000 ஆயின் 10 பவுண்.

இரண்டாயிரம் அச்சிட்டால் மலிவு என்பது உண்மையே. ஆனால் வாங்குவோர் ஐந்நூறு பேராயின், எஞ்சிய ஆயிரத்தைந்நூறு பெட்டிகளும் அவருடைய வீட்டின் பின்னறையில் அடுக்கப்பட்டிருக்கும். அடுத்த ஆட்டத்துக்கு வேண்டிய முதலும் அப்பெட்டிகளுக்குள்ளேயே முடங்கிவிடும். எத்தனை பேர் வாங்குவர் என்பதை முன்கூட்டியே அறிய இயலாமையே சிறு ஆக்குநர் பலரை வீழ்த்துகின்றது.

ஐந்நூறு கையொப்பங்கள்

இதற்கு ஒரு தீர்வு காணப்பட்டது. 1990 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட ஜீ.எம்.ரி. என்னும் நிறுவனம், அப்பத்தாண்டிலேயே ‘திட்டம் ஐந்நூறு’ என்ற முறையைக் கைக்கொண்டது. அச்சிட எண்ணும் ஆட்டத்தை முதலில் அறிவிப்பர். விரும்புவோர் தம் பெயரைப் பதிவு செய்வர். ஏறத்தாழ ஐந்நூறு பேர் சேர்ந்த பின்னரே அச்சுவேலை பற்றி முடிவு செய்வர். பதிந்தோருக்குக் கடைவிலையிலும் குறைந்த விலை. ஆட்டம் அச்சாகி வரும் தறுவாயிலேயே பணம் அறவிடப்படும்.

இது எமக்குப் புதிதன்று. தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூலை வாங்குவதாகப் பலரிடமும் முன்னரே கையொப்பம் பெற்றார். படிக்கும் ஆர்வமுடையோர் சிலரேயாயினும், அச்சிலர் தம் பெயரை முன்னரே எழுதிக் கொடுத்தமையால் ஓலைச்சுவடியிற் கிடந்த காப்பியம் அச்சேறுவது எளிதாயிற்று. இம்மலரையே நோக்குங்கள். விளம்பரம் தந்த வணிகப் பெருமக்கள் மலரின் முகத்தைக் காணுமுன்னரே பணம் உதவினர். அதனாலன்றோ அச்சகத்தாருக்கு நாம் வாக்குக் கொடுக்க முடிந்தது.

என் மாணவன் பின்னொரு நாள் வேறொரு பெட்டியைக் கொண்டுவந்தான். அதன் மேல் காந்தியடிகளின் பெயர் இருந்தது. 1917 முதல் 1947 வரையான இந்திய விடுதலை இயக்கத்தைப் பொருளாகக் கொண்டு புரூஸ் மான்ஸ்பீல்ட் என்பவர் ஆக்கிய ஆட்டம் அது. 2019 ஆம் ஆண்டில் அதே நிறுவனம் அதே முற்பதிவு முறையில் வெளியிட்டது. ஆங்கில அரசு, காங்கிரஸ், முஸ்லிம் லீக், புரட்சியாளர் என நான்கு தரப்புகள் அதில் உள்ளன. காங்கிரஸாக ஆடுபவர் ஆயுதம் ஏந்தாமலே வெல்ல முயல வேண்டும். அறப்போராட்டத்தைப் பொருளாக்கி ஒரு போர் ஆட்டம் செய்யப் பெரிய பொம்மை நிறுவனம் எதுவும் முன்வருமா? சில நூறு பேரின் முற்பதிவினாலேயே அது இயன்றது.

அத்தந்தையாரிடம் அப்பெட்டியைக் காட்டினேன். அவர் விதிநூலைச் சிறிது நேரம் புரட்டிப் பார்த்தார். மகன் போரைக் கொண்டாடவில்லை, அது ஏன் மூள்கின்றது, ஏன் நிற்கின்றது என்றே ஆராய்கின்றான் என்று கூறினேன். அவர் முற்றாக உடன்பட்டார் என்று சொல்லமாட்டேன். இவ்வகை ஆட்டங்கள் அனைத்தும் அத்தகையன என்றும் நான் கூறவில்லை. எதை வாங்குவது என்பதைப் பெற்றோர் பார்த்தே தீர்மானித்தல் வேண்டும்.

விரும்புவோர் செய்யத்தக்கவை

முதலாவது, முற்பதிவு செய்தல். வாங்கும் எண்ணம் உள்ளவர் கடைக்கு வரட்டும் என்று காத்திராமல் முன்னரே பெயரைப் பதிய வேண்டும்.

இரண்டாவது, இயன்றவரை ஆக்கியோரிடமே நேரடியாக வாங்குதல். கடைக்காரரும் மொத்த வணிகரும் தத்தம் பங்கை எடுத்தபின் ஆக்கியோர் கைக்கு வருவது சிறுதொகையே. கணினி ஆட்டங்களிலும் இதே நிலைதான். ஸ்ரீம் என்னும் இணையக் கடை பொதுவாக விற்பனைத் தொகையில் 30 வீதத்தை எடுத்துக்கொள்கின்றது. 1966 ஆம் ஆண்டில் மல்லிகை சஞ்சிகையைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, பிரதிகளைத் தாமே சுமந்து சென்று வாசகர் கையிற் கொடுத்து விற்றதை எம்மவர் அறிவர்.

மூன்றாவது, சோதித்துப் பார்த்தல். வெளியீட்டுக்கு முன் ஆடிப்பார்த்துப் பிழை கூறுவோர் சிறு ஆக்குநருக்குப் பெருந்துணை. “ஆட்டம் நன்று” என்பதனால் அவருக்குப் பயனில்லை. “பன்னிரண்டாம் விதியும் முப்பதாம் விதியும் முரண்படுகின்றன” என்று எழுதினால் அது பணத்திலும் மேலான உதவி.

நான்காவது, பிறருக்குக் கற்பித்தல். எதிரே அமர ஒருவர் இல்லாவிடின் ஆட்டம் அலுமாரியிலேயே உறங்கும். ஒருவருக்குப் பொறுமையோடு விதிகளைக் கற்பித்தால், அவர் அடுத்த ஆட்டத்தை வாங்குபவராகலாம்.

ஐந்தாவது, களவாகப் பிரதி எடாமை. இதனை எழுதும்போது என் தவற்றையும் கூறியாக வேண்டும். நான் மாணவனாயிருந்த காலத்தில், பொருளாதாரத் தடையினால் கடதாசியே அரிதாயிருந்தது. ஒரு புத்தகத்தை நால்வர் கையாற் பார்த்து எழுதினோம். வேறு வழி இருக்கவில்லை. அப்பழக்கம் இலண்டனிலும் என்னை விட்டு நீங்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன், தனியொருவர் தம் செலவில் அச்சிட்ட சிறுவர் தமிழ்ப் பயிற்சிநூல் ஒன்றை முழுமையாக நிழற்பிரதி எடுத்து வகுப்புக்கு வழங்கினேன். இருபத்திரண்டு பிள்ளைகள். பின்னர் அவரைச் சந்தித்து இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று ஆவலோடு கேட்டேன். முதற்பாகமே விற்று முடியவில்லை, ஆகவே இரண்டாம் பாகம் இல்லை என்றார். நான் தலைகுனிந்து நின்றேன். இருபத்திரண்டு பிரதிகள் அவரைக் காத்திருக்கும் என்பதல்ல என் கூற்று. ஆனால் அவரைக் கைவிட்டோருள் நானும் ஒருவன்.

எச்சரிக்கையும் வேண்டும்

ஆதரவு என்பது கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுப்பதன்று. நியூயோர்க்கில் 1969 ஆம் ஆண்டில் ஜிம் டனிகன் தொடங்கிய எஸ்.பி.ஐ. நிறுவனம், சஞ்சிகையின் ஒவ்வோர் இதழுடனும் ஓர் ஆட்டத்தை வழங்கிப் பெரும்புகழ் பெற்றது. ஆயினும் கடனில் மூழ்கி, 1982 ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. புதிய உரிமையாளர் பழைய சந்தாக்களைப் பொறுப்பேற்க மறுத்தனர். முன்பணம் கட்டியிருந்த அன்பர்கள் ஏமாந்தனர். அத்தகையோரின் மனம் கசந்தால் பின் திரும்பாது.

2009 ஆம் ஆண்டில் தொடங்கிய கிக்ஸ்ராட்டர் போன்ற இணையத் திரட்டுகளில், பொருள் செய்யப்படுமுன்னரே பணம் அறவிடப்படும். அது கடையில் வாங்குவதற்கு ஒப்பானதன்று. ஆகவே ஆக்குநர் முன்பு எதையேனும் முடித்துக் கொடுத்தவரா என்று பாருங்கள். இழந்தாலும் தாங்கக்கூடிய தொகையையே கொடுங்கள். தாமதமாயின் பொறுமை காருங்கள். ஆனால் விளக்கம் கேட்கத் தயங்காதீர்கள்.

எமது ஆட்டங்கள்

எமது முன்னோரும் இத்தகைய ஆட்டத்தை அறிந்திருந்தனர். ஆடுபுலி ஆட்டத்தில் மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் இருபத்துமூன்று புள்ளிகளில் மோதுகின்றன. புலிக்குப் பாய்ந்து வெட்டும் ஆற்றல் உண்டு. ஆட்டுக்கு அது இல்லை. எனினும் ஆடுகள் ஒன்றுசேர்ந்து நெருக்கினால் புலி அசைய வழியின்றித் தோற்கும். வலிமையில் ஒவ்வாத இரு தரப்பினர் மோதும் ஆட்டங்களை இன்றைய ஆக்குநர் பெரிதும் விரும்பி ஆக்குகின்றனர். எமது பாட்டிமார் அதனைத் திண்ணையிற் கரிக்கோடு கீறி ஆடினர்.

சென்னையில் வினிதா சித்தார்த்தா என்னும் அம்மையார் நிறுவிய கிரீடா என்ற சிறு நிறுவனம், ஆடுபுலி, பல்லாங்குழி, பரமபதம் முதலியவற்றை மீண்டும் செய்து விற்று வந்துள்ளது. இவ்வாட்டங்கள் எவருக்கும் உரிமையானவை அல்ல. தாளில் கீறியும் ஆடலாம். ஆயினும் நல்ல பலகையும், பிள்ளைகள் படிக்கத்தக்க விதித்தாளும் வேண்டுமாயின், அவற்றைச் செய்பவர் பிழைத்திருக்க வேண்டும்.

ஆகவே எமது பாடசாலைக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த தவணையில் இடைவேளைக்கென இரண்டு ஆடுபுலிப் பலகைகளை, செய்பவரிடமே விலை கொடுத்து வாங்குவோம். அலுவலக மேசையில் ஒரு தாள் வைக்கப்படும். விரும்பும் பெற்றோர் இயன்றதை எழுதிக் கையொப்பமிடலாம். முதற்கையொப்பம் என்னுடையது. போர் ஆட்டம் பற்றி என்னை வினவிய அத்தந்தையார் இரண்டாவதாகக் கையொப்பமிட இசைந்துள்ளார்.

பலர் விரும்புவதைச் சந்தை காத்துக்கொள்ளும். சிலர் விரும்புவதை அச்சிலரே காத்தல் வேண்டும். சனிக்கிழமை காலையில் உறக்கத்தைத் துறந்து பிள்ளைகளைத் தமிழ் கற்க அழைத்து வரும் உங்களுக்கு இதனை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.