அவசரம் அறியாத மனோரஞ்சிதம்

"வைத்து மூன்று வருஷமாகிறது, ஒரு பூவைக் காணோம்!" என்று மனோரஞ்சிதத்தை வெட்டக் கத்தியும் கையுமாக நிற்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள், சகோதரி!

புதுச்சேரியை அடுத்த மண்ணாடிப்பட்டில், அத்தை வீட்டுக் கொல்லையில் நானும் ஓர் அசட்டுக் காரியம் செய்தேன். கிளைகளில் கொக்கி போல ஏதோ வளைந்து நின்றது. முள்ளாக்கும், குழந்தைகளின் பாவாடையைக் கிழிக்குமே என்று ஒன்று விடாமல் நறுக்கித் தள்ளினேன். அத்தை தலையில் அடித்துக் கொண்டாள். "அடி அசடே, பூவையில்லே நறுக்கிப் போட்டுட்டே!"

ஆம், அந்தக் கொக்கிதான் பூக்காம்பு! அதனால்தான் கொடி பற்றி ஏறுகிறது, பூப்பதும் அதில்தான். இளஞ்செடியில் கொக்கி இராது. அது தலைகாட்டினால் செடி பருவத்துக்கு வந்துவிட்டது என்று பொருள்.

விதை முளைக்கவே மாதக் கணக்காகும். பூக்கப் பல வருஷம். பதியன் கன்று அத்தனை சோதிக்காது. ஐப்பசி மழைக்கு முன், தண்ணீர் தேங்காத அரை நிழலில் வையுங்கள். வாடகை வீடானால் பெரிய தொட்டியில் வைத்துக் கூடவே கொண்டு போகலாம்.

பூத்த பிறகும் பொறுமை வேண்டும்! ஆறு இதழும் முதலில் இலைப் பச்சை. மஞ்சளாகும்போதுதான் பழ வாசனை கமகமக்கும். இலை மறைவில் இருக்கும் பூவை மூக்கால்தான் தேட வேண்டும். வாசனைக்குப் பாம்பு வருமாம்! வந்தால் புதருக்காகத்தான் வரும். அடியில் குப்பை சேர விடாதீர்கள்.

அத்தையின் கொடி மறுபடி பூக்க இரண்டு வருஷமாயிற்று. இப்போதெல்லாம் நான் ஊருக்குப் போனால், முதல் காரியமாகக் கத்தரிக்கோலை ஒளித்து வைத்துவிடுகிறாள்!