பட்டமா, பந்தா? யாங்கூன் டீக்கடையில் ஒரு பஞ்சாயத்து

நம் ஊர் இட்லிக்கு ஊறப்போடும் உளுந்தில் கணிசமான பங்கு மியான்மரில் விளைகிறது. அந்த வியாபாரத்துக்காக யாங்கூனில் வருடக் கணக்காகக் குடியிருப்பவன் நான். காலையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் தமிழ்க் குரல்கள் கேட்காத நாள் கிடையாது. போன மாதம் அங்கே ஒரு குடும்பப் பஞ்சாயத்து. நடுவர் நான்.

"மாமா, கிளப்ல ஒரு வருஷ காண்ட்ராக்ட் தர்றாங்க. நான் காலேஜ்ல ரெண்டாவது வருஷம். அப்பா டிகிரி முடிச்சுட்டுப் போங்கறார். அதுவரைக்கும் எனக்காக யார் காத்திருப்பாங்க?"

கேட்டவனுக்கு 19 வயது. கால்பந்தில் நல்ல கால். பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் அவன் அப்பா உடனே பாய்ந்தார். "முட்டி போச்சுன்னா இவன் என்ன பண்ணுவான், அண்ணே? அதைக் கேளுங்க முதல்ல!"

நம் வீடுகளில் எல்லாம் கேட்ட வாக்குவாதம்தான். நம்மிடம் இதற்கு ரெடிமேட் பதிலும் உண்டு. ஸ்ரீகாந்த் கிண்டியில் இன்ஜினீயரிங் படித்தார், அஸ்வின் பி.டெக். முடித்தார், ஆனந்த் லயோலாவில் காமர்ஸ் படித்தார் என்று அடுக்குவோம். எதிர்த்தரப்பு குகேஷைக் காட்டும். நான்காம் வகுப்போடு வழக்கமான பள்ளிக்கூடத்தை விட்டவர், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக செஸ் சாம்பியன். இரண்டு பட்டியலிலும் ஒரே ஓட்டைதான்: ஜெயித்தவர்கள் பெயர் மட்டுமே அதில் இருக்கும். படிப்பையும் விட்டு, விளையாட்டிலும் நிற்க முடியாமல் போனவர்களைப் பற்றி யாரும் பட்டியல் போடுவதில்லை.

அமெரிக்காவில் கல்லூரிதான் விளையாட்டுக்கு நாற்றங்கால். கூடைப்பந்தில் என்.பி.ஏ. அணிகள் பள்ளிப் பையன்களை நேரடியாக எடுக்கக் கூடாது என்று 2005-ல் விதியே போட்டார்கள். 19 வயதாவது ஆகவேண்டும். அங்கே "முடித்துவிட்டு வா" என்றால், முடிக்கும்வரை அவன் விளையாட ஒரு கல்லூரி மைதானம் இருக்கும். யாங்கூனிலும் சரி, நம் ஊர்களிலும் சரி, கிளப் ஒரு பக்கம், கல்லூரி இன்னொரு பக்கம். ஒன்றின் கால அட்டவணை மற்றதற்குத் தெரியாது.

அந்த அப்பா ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்பது இரண்டாவது டீயில்தான் தெரிந்தது. 1996 டிசம்பர் மாணவர் போராட்டத்தின்போது அவரும் கல்லூரி மாணவர். அப்போது மூடப்பட்ட கல்லூரிகளில் பெரும்பாலானவை 2000-ல்தான் முழுதாகத் திறந்தன. "இன்னைக்குத் திறப்பான், நாளைக்குத் திறப்பான்னு உட்கார்ந்திருந்தேன். திறந்தப்ப எனக்குக் கடை வந்துடுச்சு, கல்யாணம் வந்துடுச்சு. கதவு திறந்திருக்கும்போதே உள்ள போய் வெளிய வந்துடணும் அண்ணே."

மகனும் அதையேதான் சொன்னான். 2020-ல் கொரோனா, 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அந்த வருடம் தேசிய லீக்கே நடக்கவில்லை. "லீக் மறுபடியும் எப்ப நிக்கும்னு யாருக்குத் தெரியும்? இப்பக் கூப்பிடுறப்பவே போகணும்."

அப்பாவும் மகனும் ஒரே வாதத்தைத்தான் எதிரெதிர்க் கதவுகளைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நிலையாக இயங்கும் நாட்டில்தான் எது முதலில், எது பிறகு என்று வரிசை போட முடியும். இரண்டுமே எப்போது மூடும் என்று தெரியாத ஊரில் "முதலில் இது" என்ற அறிவுரைக்கு மதிப்பில்லை. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமல்படுத்திய பிறகு இன்னொரு கவலையும் சேர்ந்துகொண்டது. 18 முதல் 35 வயது ஆண்களுக்கு அழைப்பு வரலாம். மாணவர்கள் தள்ளிப்போடச் சட்டத்தில் இடம் உண்டு. கல்லூரிப் பதிவேட்டில் பெயர் இருப்பதன் மதிப்பு இன்று வேறு.

அப்போதுதான் ஆங் லா ன் சாங் பேச்சு வந்தது. கச்சின் மாநிலத்து மிட்சினாவில் பிறந்தவர். கலப்புத் தற்காப்புக் கலையில் மியான்மரின் முதல் உலக சாம்பியன். தெருவில் யாரைக் கேட்டாலும் 2017 ஜூன் 30-ம் தேதி இரவைச் சொல்வார்கள். துவுன்னா உள்ளரங்கில் ரஷ்யாவின் விட்டாலி பிக்டாஷை வென்று அவர் பெல்ட்டைத் தூக்கிய இரவு அது.

அவருடைய படிப்புக் கதை அவ்வளவு பேருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கும் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தார். படித்துக்கொண்டே 2005-ல் தொழில்முறைச் சண்டைக்கு இறங்கினார். 2007-ல் பட்டம் வாங்கினார். அதன் பிறகும் சண்டை மட்டும் சோறு போடவில்லை. தேனீ வளர்ப்பு வேலை பார்த்தார். பட்டத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே பத்து வருடம். அந்தப் பத்து வருடத்தில் வேறு பிழைப்பும் கைவசம் இருந்ததால்தான் அவரால் களத்தை விடாமல் நிற்க முடிந்தது என்று நான் நினைக்கிறேன்.

"அப்ப ரெண்டையும் சேர்த்துப் பண்ணச் சொல்றீங்களா? கிளப்ல விட மாட்டாங்க மாமா" என்றான் பையன்.

பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. தேர்வு எழுத நாலு நாள் லீவு கேட்டால் முகம் சுளிக்கும் கிளப்பும், போட்டிக்குப் போனால் வருகைப்பதிவில் கைவைக்கும் கல்லூரியும் 19 வயதுப் பையனிடம் "ஒன்றைத் தேர்ந்தெடு" என்கின்றன. அவன் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நஷ்டம் அவனுக்கு மட்டும்தான். முட்டி போனால் கிளப் வேறு ஆளை எடுத்துக்கொள்ளும். பாதியில் நின்றால் கல்லூரி அடுத்த பையனைச் சேர்த்துக்கொள்ளும்.

நான் சொன்னது இதுதான். கையெழுத்துப் போடு, ஆனால் கல்லூரியிலிருந்து பெயரை எடுக்காதே. தேர்வு நாட்களில் லீவு, காயம் பட்டால் வைத்தியச் செலவு, இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுத்தில் கேள். வாய்வார்த்தையை நம்பாதே. எழுதித் தர மறுத்தால் அந்த கிளப் உன்னை எத்தனை நாள் வைத்துக்கொள்ளும் என்று யோசி.

அப்பாவுக்கு முழுத் திருப்தி இல்லை. மறுநாள் மகனோடு அவரே கிளம்பிப் போனார். வைத்தியச் செலவை எழுதிக்கொடுத்தார்கள். தேர்வு லீவு மட்டும் "பார்க்கலாம்" என்ற பதிலோடு நிற்கிறது. "ஒப்பந்தத்தை மடிச்சு பையிலயே வச்சிருக்கேன் அண்ணே, அந்த ஒரு வரி வராம கையெழுத்து கிடையாது" என்கிறார் மனிதர். உளுந்து வியாபாரத்தில் எனக்கே அந்தப் பிடிவாதம் கிடையாது. பையனும் இந்த விஷயத்தில் அப்பா பக்கம் வந்துவிட்டான்.